பப்பாளி மரத்தில் வெள்ளைப் பஞ்சு



சென்ற மாதம் தாபோடியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இந்தப் பகுதிக்கு வந்தது. குவார்ட்டர்ஸ் வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் கல்லின் ஓரமாக மூன்று பப்பாளி மரங்களை வளர்த்திருக்கிறார். சமையலறைத் தண்ணீரை ஊற்றி வளர்த்த மரங்கள். இரண்டு ஆண்டுகளாக அவருடைய பிள்ளைகளுக்கும் பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் பழம் தந்தவை. இப்பொழுது இலைகளின் அடிப்பக்கம் முழுவதும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கிறதாம். காய்களின் மேலும் அது படர்ந்துவிட்டது. கீழே உலர்த்தும் துணிகளில் பிசுபிசுப்பு ஒட்டுகிறது. இலைகள் சுருண்டு, மஞ்சளாகி உதிர்கின்றன.

“என் கணவர் மரத்தை வெட்டிவிடலாம் என்கிறார். பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் மருந்து கொண்டுவந்து கொடுத்து, ஒரு மூடி ஊற்றி அடித்தால் போதும் அக்கா என்கிறான். பாட்டிலில் பெயர் எதுவும் இல்லை. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. மரத்தை வெட்டவா, மருந்தை அடிக்கவா? அண்ணன் பதில் எழுதுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

சகோதரியே, இரண்டும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதையும், வேறு என்ன செய்யலாம் என்பதையும் இம்மாதம் விவரமாக எழுதுகிறேன். இதே கேள்வியை கட்கியிலும் தேஹூ ரோட்டிலும் பிம்பிரியிலும் உள்ள பல வீட்டார் என்னிடம் நேரில் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இது எல்லாருக்குமான பதில்.

அந்தப் பஞ்சு எது?

அது பஞ்சும் அல்ல, பூஞ்சணமும் அல்ல. அது ஒரு பூச்சி. பெயர் பப்பாளி மாவுப்பூச்சி. மெழுகுப் பொடியால் தன் உடலை மூடிக்கொள்வதால் மாவு தூவியதுபோல் தெரிகிறது. மெழுகைத் துடைத்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள் நிறமான, சிறகில்லாத பெண்பூச்சி இருக்கும். அது இலையில் ஊசிபோன்ற வாயைக் குத்தி, ஓரிடத்தில் அமர்ந்து சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பஞ்சுபோன்ற பைக்குள் நூறு முதல் அறுநூறு முட்டைகள் வரை இடும். ஏறக்குறைய பத்து நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய அந்தக் குஞ்சுகளைக் காற்று ஒரு மரத்திலிருந்து மறு மரத்திற்குக் கொண்டுசெல்லும்.

உறிஞ்சிய சாற்றில் தேவைக்கு மிஞ்சிய இனிப்பை அது கழிவாக வெளியேற்றுகிறது. துணியில் ஒட்டும் பிசுபிசுப்பு அதுதான். அந்த இனிப்பின்மேல் கரும்பூசணம் வளர்ந்து இலையைக் கறுப்பாக்குகிறது. இனிப்பைத் தேடி எறும்புகள் வருகின்றன. மரத்தில் எறும்புச் சாரை ஏறுவதைக் கண்டால், மேலே மாவுப்பூச்சி இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

எங்கிருந்து வந்தது?

வெட்டுக்கிளிகளின் படையெடுப்பைக் குறித்து நாம் வேதத்தில் வாசித்திருக்கிறோம். இதுவோ ஓசையில்லாத படை. இதன் சொந்த நாடு மெக்சிகோ. அங்கே இது பெரிய தொல்லை அல்ல. 1990களில் கரீபியன் தீவுகளுக்குள் நுழைந்து, 1998இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும், பின்னர் பசிபிக் தீவுகளிலும் காணப்பட்டது. 2008ஆம் ஆண்டு இந்தோனேசியாவிலும் இலங்கையிலும் நம்முடைய கோயம்புத்தூரிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்டறியப்பட்டது.

அதற்குப்பின் கொங்கு நாட்டில் நடந்ததை அங்கே சொந்தபந்தம் உள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பகுதிகளில் பப்பாளித் தோட்டங்கள் வெண்மையாகின. பட்டுப்புழுவுக்கு உணவான மல்பெரிச் செடிகள் கருகின. மரவள்ளியும் தப்பவில்லை. விவசாயிகள் ஒரு மருந்து பலிக்கவில்லை என்று மறு மருந்தும், அதுவும் பலிக்கவில்லை என்று அதைவிடக் கொடிய மருந்தும் அடித்தார்கள். மெழுகு மூடிய உடலில் மருந்து ஒட்டவில்லை. பைக்குள் இருந்த முட்டைகளை அது எட்டவே இல்லை. கடன்பட்டு மருந்து வாங்கியவர்கள் இறுதியில் செடியையே பிடுங்கி எறிந்தார்கள். 2010இல் இந்தப் பூச்சி நம்முடைய புனே வட்டாரத்துப் பப்பாளித் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது.

சொந்த நாட்டில் அடங்கியிருந்த பூச்சி, வந்த நாட்டில் ஏன் இப்படிப் பெருகியது? காரணம் எளிது. அங்கே அதைத் தின்று அடக்கிவைக்கும் எதிரிகள் உண்டு. கப்பலிலோ விமானத்திலோ ஏறி வந்தபோது பூச்சி மட்டும் வந்தது. அதன் எதிரி வரவில்லை.

எதிரியைத் தேடி அழைத்து வந்தார்கள்

இதை உணர்ந்த அறிவியலாளர்கள், எதிரியையே வரவழைக்கத் தீர்மானித்தார்கள். பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சியியல் நிறுவனம், 2010ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு மூன்று வகைக் குளவிகளைத் தருவித்தது. வேறு நன்மையான உயிர்களுக்குத் தீங்கு வருமா என்று அடைத்துவைத்துச் சோதித்தபின்பே வெளியே விட அனுமதி கிடைத்தது. தமிழ்நாட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மூலமாக அவை பெருக்கப்பட்டு, ஊர் ஊராக விவசாயிகளின் கைகளில் கொடுக்கப்பட்டன.

மூன்றில் நம் நாட்டில் மிகவும் நன்றாக வேலை செய்தது அசிரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி. குளவி என்றதும் அஞ்சவேண்டாம். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மனிதரைக் கொட்டாது. அது இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் தன் முட்டையை வைக்கும். உள்ளே பொரிக்கும் புழு மாவுப்பூச்சியையே உணவாகத் தின்று வளரும். இரண்டு, மூன்று வாரங்களில் வளர்ந்த குளவி ஒரு சிறு துளையிட்டு வெளியே வரும். மாவுப்பூச்சியின் கூடு மட்டும் உலர்ந்து, உப்பிய தவிட்டு நிறப் பொட்டாக இலையில் ஒட்டியிருக்கும்.

அடுத்த ஆண்டிற்குள் தமிழ்நாட்டுத் தோட்டங்கள் மறுபடியும் பச்சையாயின. எந்த மருந்துக்கும் அடங்காத பூச்சி, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு குளவிக்கு அடங்கியது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முனியப்பன் முதலிய ஆய்வாளர்கள், முதல் ஆண்டில் மட்டும் இந்திய விவசாயிகளுக்கு இதனால் கிடைத்த பயன் 12 கோடி டாலருக்கும் மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இது புதிய வழியும் அல்ல. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை வெண்செதில் பூச்சி அழித்தபோது, 1888ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிறிய பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். தோட்டங்கள் பிழைத்தன. அதே செதில் பூச்சி 1928இல் நீலகிரியின் சீகை மரங்களில் தோன்றியபோது அதே பொறிவண்டுதான் நமக்கும் உதவியது. அண்மையில் 2020இல் கேரளத்தில் மரவள்ளியைத் தாக்கும் இன்னொரு மாவுப்பூச்சி நுழைந்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதன் எதிரியான குளவியை வரவழைத்து, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலிருந்து விவசாயிகளுக்கு வழங்கினார்கள்.

நான் செய்த தவறு

இதையெல்லாம் நான் தொடக்கத்திலேயே அறிந்தவன் அல்ல. 2011ஆம் ஆண்டு நாங்கள் கட்கியில் வாடகை வீட்டில் இருந்தபோது எங்கள் பப்பாளியிலும் இதே வெள்ளை படர்ந்தது. ஒரு கடையில் கேட்டேன். “இதைவிடக் கடுமையானது கிடையாது” என்று சொல்லி ஒரு புட்டியைக் கொடுத்தார்கள். மராத்தியில் அச்சிட்டிருந்த தாளை நான் வாசிக்கவில்லை. மாலையில் மரம் நனைய அடித்தேன். மறுவாரம் மரம் சுத்தமாயிருந்தது. என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன். ஐந்தாம் வாரத்தில் முன்னைவிட இரு மடங்கு வெள்ளை. முருங்கைப் பூவுக்கு வரும் தேனீக்களையும் காணவில்லை. குளவியைக் கொன்றுவிட்டு, குளவிக்கு இரையாகவேண்டிய பூச்சியைக் காப்பாற்றியிருந்தேன் என்பது பின்புதான் விளங்கியது.

ஆயினும் என்னை இன்றைக்கும் நடுங்கச்செய்வது வேறொன்று. மருந்தடித்த மறுநாள் காலையில் அடுத்த வீட்டு ஆஜி எங்கள் வாசற்படியில் நின்றார். கையில் நான்கைந்து பப்பாளி இலைகள். அது டெங்கு காய்ச்சல் பரவியிருந்த காலம். பேரனுக்குக் காய்ச்சல், இலையை இடித்துச் சாறு கொடுக்கவேண்டும் என்று பின்பக்கச் சுவர் வழியாகப் பறித்திருக்கிறார். சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்த அந்த நல்ல பழக்கம்தான் அன்று அந்தப் பிள்ளையைக் காத்தது. என் வாயில் மராத்தி சரியாக வரவில்லை. “விஷ், ஆஜி, விஷ்” என்று சொல்லி இலைகளை வாங்கிக் கீழே போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பையனை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள், சுகமானான். டெங்குவுக்கு அதுவே சரியான வழி என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இலைச்சாற்றை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தாமதிக்காதீர்கள்.

நம் வீட்டு மரம் நமக்கு மட்டும் உரியது அல்ல. சந்துக்குள் நெருங்கி வாழும் நமக்கு, நம் மரத்தில் அடிக்கும் விஷம் அடுத்த வீட்டுக் குடத்திலும் விழும்.

பெயரில்லாத பாட்டில்

சகோதரியே, அந்தத் தண்ணீர் பாட்டிலைக் குறித்து. 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் பீகாரில் சரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் மரித்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது சோதனையில் தெரியவந்தது. நம்முடைய மகாராஷ்டிராவில், 2017இல் யவத்மால் மாவட்டத்துப் பருத்திக் காடுகளில் மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் அதன் நச்சால் உயிரிழந்தார்கள். அவர்கள் தொழில் தெரிந்த விவசாயிகளும் கூலியாட்களும். நாமோ ஒன்றும் அறியாதவர்கள்.

ஆகையால் அந்தப் பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில், உணவுப் பொருள்களுக்கு அப்பால் வைத்து, அன்றைக்கே தந்தவரிடம் நேரில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாக்கடையில் ஊற்றவேண்டாம். தம்பியைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். அவர் உதவி செய்ய நினைத்தவரே. எந்த மருந்தையும் அதன் சொந்தப் புட்டியைவிட்டு வேறு பாட்டிலுக்கு மாற்றவே கூடாது. மராத்தி வாசிக்கத் தெரியாவிட்டாலும், புட்டியின்மேல் உள்ள நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்தது மஞ்சள். அதற்கும் குறைந்தது நீலம். பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. சிவப்பும் மஞ்சளும் உள்ள புட்டிக்கு வீட்டுத் தோட்டத்தில் இடமே இல்லை. தவறி யாராவது குடித்தாலோ, முகர்ந்து மயங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல், புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். 108 எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்.

இனி செய்யவேண்டியவை

முதலாவது, பாருங்கள். காலை வெளிச்சத்தில் ஓர் இலையைத் திருப்பி, பூதக்கண்ணாடியால் நோக்குங்கள். வெள்ளைப் பூச்சிகளின் நடுவே உப்பிய தவிட்டு நிறப் பொட்டுகள், அவற்றில் ஊசித் துளைகள் தெரிகின்றனவா? தெரிந்தால் குளவி உங்கள் மரத்திற்கு ஏற்கெனவே வந்துவிட்டது. இன்று அது பல இடங்களில் தானாகவே பரவி நிலைத்திருக்கிறது. அப்பொழுது நீங்கள் செய்யவேண்டிய பெரிய காரியம், அதன் வேலையைக் கெடுக்காமல் இருப்பதே.

இரண்டாவது, தண்ணீர். குழாயில் ரப்பர் டியூபை மாட்டி, விரலால் வாயை நெருக்கி, இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சுங்கள். வாரத்திற்கு இரண்டு நாள் காலையில் செய்தால் பாதிப் பூச்சி உதிர்ந்துவிடும். இந்தப் பூச்சி மார்ச் முதல் மே வரையிலான வெயிலில்தான் அதிகம் பெருகும். ஜூனில் நல்ல மழை பிடித்ததும் தானாகவே குறையும். தண்ணீர் கட்டுப்பாடு உள்ள நாட்களில் அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை வடிகட்டித் தெளிப்பானில் ஊற்றி அடிக்கலாம்.

மூன்றாவது, வெட்டுங்கள், மரத்தை அல்ல, இலையை. முழுவதும் வெளுத்த இலைகளையும் பிஞ்சுகளையும் மட்டும் நீக்கி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிச் சில நாள் வெயிலில் வைத்தபின் குப்பையில் சேருங்கள். தெருவோரத்தில் எறிந்தால் பூச்சி அடுத்த வீட்டுக்குப் போகும். துளையுள்ள பொட்டுகள் நிறைந்த இலைகளைமட்டும் மரத்திலேயே விட்டுவிடுங்கள். அவை குளவியின் தொட்டில்கள்.

நான்காவது, எறும்பை நிறுத்துங்கள். எறும்பு இனிப்புக்காக மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கிறது, குளவியை அண்டவிடாது. முழங்கால் உயரத்தில் தண்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, அதன்மேல் வண்டிக்குப் போடும் கிரீஸைத் தடவுங்கள். தண்டின்மேல் நேராகத் தடவவேண்டாம். பப்பாளித் தண்டு மென்மையானது. மரத்தின் இலை சுவரையோ துணிக்கொடியையோ தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் எறும்பு அந்த வழியே ஏறும்.

ஐந்தாவது, இவற்றால் அடங்காமல் குளவியும் தென்படாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்தபின் பூச்சி உள்ள இடத்தில் மட்டும் அடியுங்கள். முதலில் ஓர் இலையில் அடித்து, இரண்டு நாள் கருகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது, சுற்றுப்புறம். இந்தப் பூச்சி செம்பருத்தி, துத்தி, பார்த்தீனியம் ஆகியவற்றிலும் தங்கி வாழும். பார்த்தீனியம் என்பது இங்கே எல்லாரும் காஜர் கவத் என்று சொல்லும் வெள்ளைப் பூச்செடிதான். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்நியச் செடியே. இந்தியாவில் அது பரவத் தொடங்கியது 1950களின் நடுவில் இந்தப் புனேயில்தான். அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பூக்கும் முன்னே, கையுறை போட்டு அதை வேரோடு பிடுங்கிவிடுங்கள். வெறுங்கையால் தொட்டால் சிலருக்கு அரிப்பும் மூச்சிறைப்பும் உண்டாகும்.

ஊரிலிருந்து வரும் பதியன்கள்

கடைசியாக, புலம்பெயர்ந்து வந்த நமக்கே உரிய ஓர் எச்சரிக்கை. ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மா வீட்டுச் செம்பருத்திக் குச்சியையும், மாமியார் வீட்டு நந்தியாவட்டையையும் ஈரத்துணியில் சுற்றி ரயிலில் கொண்டுவருகிறோம். பிறந்த மண்ணின் செடி வாசலில் பூக்கவேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் குச்சியின் கணுக்களில் நமக்குத் தெரியாத பயணிகள் ஒளிந்திருக்கலாம். 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் தோன்றிய சுருள் வெள்ளை ஈ, சில ஆண்டுகளுக்குள் மாநிலம் விட்டு மாநிலம் பரவியதற்கு இப்படிக் கொண்டுசெல்லப்பட்ட கன்றுகளும் ஒரு காரணம். ஆகையால் கொண்டுவரும் குச்சியின் இலைகளை அங்கேயே கிள்ளிவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி எடுத்துவாருங்கள். வந்தபின் மூன்று வாரம் மற்றச் செடிகளுக்குத் தூரமாக வையுங்கள். சந்தேகமாயிருந்தால் கொண்டுவரவே வேண்டாம்.

மேலும் ஆலோசனை வேண்டுவோர் சிவாஜிநகரில் உள்ள வேளாண்மைக் கல்லூரியில் கேட்கலாம். அங்கே இவ்வகை நன்மை செய்யும் பூச்சிகளைக் குறித்த ஆய்வு நடக்கிறது. பாதிக்கப்பட்ட இலையை மூடிய பையில் போட்டு எடுத்துச்செல்லுங்கள். கிசான் கால் சென்டரின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-1551.

தாபோடி சகோதரிக்கு ஒரு வார்த்தை. ஒரே நாளில் மரம் சுத்தமாகாது. ஆறு வாரமாவது பொறுத்திருங்கள். இந்தப் பருவத்துக் காய்களில் பாதி போய்விடலாம். குருத்து பிழைத்தால் மரம் பிழைக்கும். உங்கள் கணவரிடம் அரிவாளை ஆறு வாரத்திற்கு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். உங்கள் குழந்தையின் கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து, துளையுள்ள பொட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். வாரந்தோறும் அந்த எண்ணிக்கை ஏறினால் எனக்கு ஒரு தபால் அட்டை எழுதுங்கள். அடுத்த மாதம் முருங்கை மரத்துக் கம்பளிப்புழுவைக் குறித்து எழுதுகிறேன்.